லேத் படிக்கிறேன்: நோட்டில் ஒரு கணக்கு, பட்டறையில் வேறொன்று. எதைப் பிடிப்பது?

சாமிமலை_செல்வி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் படித்தேன். இப்போது மெஷினிஸ்ட் பாடநெறி ஒன்றில் சேர்ந்து லேத், அதாவது உலோகத்தைச் சுற்றவிட்டுக் கடையும் மெஷின், படிக்கிறேன். காலையில் வகுப்பு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறை.

வகுப்பில் எழுதியது இது: ஹைஸ்பீட் ஸ்டீல் டூலால் மைல்ட் ஸ்டீல் கடையும்போது வெட்டு வேகத்தை, அதாவது டூலின் நுனியைக் கடந்து உலோகம் ஓடும் வேகத்தை, நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவில் வைக்கலாம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பிக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 318 சுற்று வருகிறது. பட்டறையில் அதே கம்பியை மாட்டியதும் எங்களுக்குப் பழக்கும் சேர் வேக லீவரை 210 சுற்றுக்குத் தள்ளினார். ஏன் என்று கேட்டேன். "இந்த வேலைக்கு இது போதும்" என்றார். அவர் கடைந்தது நன்றாகவே வந்தது. ஆனால் காலையில் போட்ட கணக்கு எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வீட்டிலும் இதே பேச்சுத்தான். மாமா தேயிலை ஃபெக்டரியில் மெஷின்களைப் பொருத்தித் திருத்தும் ஃபிட்டர். "நோட்டில் எழுதி யாரும் ஃபிட்டர் ஆனதில்லை, லீவில் என்னோடு வந்து கொழுந்து உருட்டும் ரோலரைக் கழற்று" என்கிறார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். கோட்பாட்டை முதலில் பிடிப்பதா, கைவேலையையா? இரண்டையும் படித்தவர்கள் எப்படிச் சேர்த்தீர்கள்?

டிக்கோயா_ஃபிட்டர் எழுதியது:

தங்கச்சி, லீவில் மாமாவோடு போங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஃபெக்டரியில் இராத்திரி ரோலர் நின்றுவிட்டால் மேலே கொழுந்தை வாட்டும் ட்ரஃபில் வாடிய கொழுந்து கிடக்கும். அது காத்திருக்காது. வாட்டம் கூடிப் போனால் மறுநாள் டீமேக்கர் ருசி பார்க்கும் கப்பில் அது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது காதும் கையும். பேரிங் போயிருக்கிறதா, கிராங்க் புஷ் தேய்ந்திருக்கிறதா, கியரில் பல் உடைந்திருக்கிறதா என்பதைச் சத்தத்திலும் ஷாப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதிலும் கண்டுபிடிக்க வேண்டும். இது வகுப்பில் வராது.

லேத்திலும் அப்படித்தான். வெட்டுப்பட்டு விழும் உலோகச் சிராய் என்ன நிறத்தில் வருகிறது, சுருண்டு வருகிறதா, தூளாக விழுகிறதா, டூல் கீச்சிடுகிறதா என்று பார்த்து லீவரை மாற்றுவோம். உங்கள் சேரும் அதைத்தான் செய்திருப்பார்.

பேராதனை_உற்பத்தி எழுதியது:

செல்வி, உங்கள் கணக்கு சரி. உங்கள் சேர் செய்ததும் சரியாக இருக்கலாம். எதற்காக 210 என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

முதலில் லேத்தைப் பாருங்கள். கியர் லேத்தில் எல்லா வேகமும் இருக்காது, படிப்படியாகத்தான் இருக்கும். 210க்கு அடுத்த படி 330 என்றால், 318 வேண்டிய இடத்தில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். 210இல் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 16.5 மீட்டர். 330இல் கிட்டத்தட்ட 26. கணக்கை மட்டும் பார்த்தால் 330தான் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்து, கம்பி அதைப் பிடித்திருக்கும் சக்குக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். ஒரு முனையை மட்டும் பிடித்த கம்பியின் வளைவு நீளத்தின் மும்மடியோடு கூடும். நீட்டல் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்கு. மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் சென்டரைக் கொடுக்காமல் நீளமாக நீட்டிக் கடைந்தால் அதிர்வு வரும், அப்போது வேகத்தைக் குறைப்பது வழக்கம். குளிர்விக்கும் கூலண்ட் இல்லாவிட்டாலும் குறைப்பார்கள். கை பழகாதவர்கள் நிற்கும் லேத்திலும் குறைப்பார்கள், அது நல்ல காரணம்தான்.

ஆனால் "மெதுவாக ஓட்டினால் பாதுகாப்பு" என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மைல்ட் ஸ்டீலை மிக மெதுவாகக் கடைந்தால் டூலின் நுனியில் உலோகம் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து போகும். மேற்பரப்பு கிழிந்ததுபோல் வரும். டிக்கோயா அண்ணன் சிராயைப் பார் என்கிறார், நானும் அதையே சொல்கிறேன். எதற்காகப் பார்க்கிறோம் என்பதுதான் வகுப்பில் கிடைப்பது.

இன்னொன்று. எஃப். டபிள்யூ. டெய்லர் 1907இல் வெளியிட்ட, வெட்டு வேகத்தையும் டூல் மழுங்கும்வரை ஓடும் நேரத்தையும் இணைக்கும் டூல் ஆயுள் சமன்பாட்டை வகுப்பில் எழுதியிருப்பீர்கள். ஹைஸ்பீட் ஸ்டீலுக்கு அதன் அடுக்கெண் 0.125 அளவில் வரும். அப்படியானால் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் டூலின் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கும். போட்டுப் பாருங்கள், 1ஐ 0.125ஆல் வகுத்தால் 8, 1.1இன் எட்டாம் அடுக்கு 2.14. லீவரை ஒரே ஒரு படி மேலே தள்ளியதும் டூலை அடிக்கடி கிரைண்டருக்குக் கொண்டு போக வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். காரணம் தெரிந்தால், அவசர வேலைக்கு டூலைப் பலி கொடுக்கலாமா என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

கம்பளை_பட்டறை எழுதியது:

நான் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலைக்கு வரும் பொடியன்களிடம் சான்றிதழைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் ஒரு வரைபடத்தையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து, ஷாப்ட்டில் ஒரு பேரிங் உட்காரும் இருக்கையைக் கடையச் சொல்வேன். வழக்கமாக 6210 பேரிங்தான், உள்விட்டம் 50 மில்லிமீட்டர்.

ஒரு பையன் வந்தான். நல்ல கை. டூலை அவனே தீட்டினான். டூல் நுனியைச் சென்டர் உயரத்துக்கு வைத்த விதமும் சுத்தமாக இருந்தது. கடைந்து முடித்த கையோடு அளந்தான், 50.01. சந்தோஷமாகக் கொண்டுவந்து வைத்தான். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து நானும் அதையே அளந்தேன். 49.99க்கும் கீழே நின்றது. அந்த இருக்கையில் பேரிங்கை ஏற்றினால் உள்வளையம் ஷாப்ட்டில் சுற்ற ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் ஷாப்ட்டே போய்விடும்.

அவனிடம் கை இருந்தது. சூட்டில் இரும்பு பெருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அது தன் கையில் இருக்கும் ஷாப்ட்டிலும் நடக்கிறது என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. அவனை வேலைக்கு எடுத்தேன், இப்போதும் என்னோடுதான் இருக்கிறான்.

பேராதனை_உற்பத்தி எழுதியது:

கம்பளை அண்ணா சொன்னதற்கு எண்களையும் போட்டுவிடுகிறேன், செல்வி நோட்டில் எழுதி வைக்கட்டும்.

உருக்கு ஒரு பாகை சூடானால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0115 மில்லிமீட்டர் நீளும். 50 மில்லிமீட்டர் ஷாப்ட் 60 பாகைச் சூட்டில் இருக்கும்போது அளந்து, அது 20 பாகைக்கு ஆறினால் விட்டம் 0.023 மில்லிமீட்டர் சுருங்கும். அந்தப் பேரிங் இருக்கைக்குப் பொதுவாகக் கொடுக்கும் கே6 என்ற நியமப் பொருத்தத்தில் அனுமதி, அதாவது அளவு இருக்கலாம் என்கிற வரம்பு, 50.002 முதல் 50.018 வரை, மொத்தமே 0.016தான். சூடு மட்டுமே அனுமதி முழுவதையும் விழுங்கிவிடுகிறது. அளவீட்டுக்கு உலகம் முழுவதும் 20 பாகை செல்சியசை நியம வெப்பநிலையாக வைத்திருப்பதும் இதற்காகத்தான். நுவரெலியாவில் காலையில் அளந்த அளவும் கொழும்பில் பகலில் அளந்த அளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமே.

டிக்கோயா_ஃபிட்டர் எழுதியது:

தம்பி, எனக்குத் தொழில் பழக்கியவர் பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்தவரில்லை. "ஆறவிட்டு அள" என்பதுதான் அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம். அவருக்கு 0.0115 தேவைப்படவில்லை. ஷாப்ட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு தெரிந்தால் மைக்ரோமீட்டரை எடுக்க விடமாட்டார்.

பேராதனை_உற்பத்தி எழுதியது:

அண்ணா, அவர் சொன்னது முழுக்கச் சரி. நீங்கள் அதைப் பொறுப்போடு பின்பற்றுகிறீர்கள் என்பதும் தெரிகிறது. நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. எப்போது ஆறவிட வேண்டும், எப்போது ஆறவிடத் தேவையில்லை?

20 மில்லிமீட்டர் பின் ஒன்று அதே சூட்டில் இருந்தால் சுருக்கம் 0.009தான். வரைபடத்தில் அதற்கு 0.1 அனுமதி இருந்தால் ஆறும்வரை காத்திருப்பது வீண். 100 மில்லிமீட்டர் இருக்கை என்றால் சுருக்கம் 0.046, அங்கே காத்திருந்தே ஆக வேண்டும். "ஆறவிட்டு அள" என்ற விதி எல்லா இடத்திலும் ஒன்றையே சொல்கிறது. எங்கே அதை விடலாம், எங்கே விட முடியாது என்பதைக் கணக்குச் சொல்கிறது. புது உலோகம், புது மெஷின், புது வரைபடம் வரும்போது பழைய விதி எதுவரை செல்லும் என்று பார்க்கவும் கணக்குத்தான் வேண்டும்.

டிக்கோயா_ஃபிட்டர் எழுதியது:

அதை ஒத்துக்கொள்கிறேன். ஸ்டெயின்லெஸ் வந்தபோது எங்கள் ஃபெக்டரியில் அதுதான் நடந்தது. மைல்ட் ஸ்டீலில் துளை போட்ட கைப்பழக்கத்தோடு ஸ்டெயின்லெஸ் தகட்டில் ட்ரில்லை வைத்து, மெல்ல மெல்ல அழுத்தினால் துளை இறங்கவே இறங்காது. ட்ரில் மழுங்கிப் புகை வரும். இன்னும் வேகம் கூட்டுவார்கள், இன்னும் மோசமாகும். பிறகு மெஷின் போட வந்த ஒருவர்தான் விளக்கினார். அந்த உலோகம் தேய்க்கத் தேய்க்க இறுகும். ஆகவே சுற்றைக் குறைத்து, அழுத்தத்தை விடாமல் கொடுத்து, ட்ரில் எப்போதும் வெட்டிக்கொண்டே இருக்கும்படி இறக்க வேண்டும். அதன் பிறகு எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

ஆனாலும் செல்வி, அந்த அழுத்தம் எவ்வளவு என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஹேண்டிலைப் பிடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹாலிஎல_டெக்_ஆசிரியை எழுதியது:

பாடசாலையில் தொழினுட்பப் பாடம் எடுக்கிறேன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. மலையகத்துப் பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே ஒரு கதவைத் திறந்தது. ஆனால் பட்டறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நான் முன்பு இருந்த ஒரு பாடசாலையில் மெஷின் வந்து இறங்கியிருந்தது. மூன்று பேஸ் கரண்ட் இழுத்துக் கொடுக்கவில்லை, ஆகவே துணி போர்த்தியே கிடந்தது. பிள்ளைகள் லேத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தே பரீட்சை எழுதினார்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அங்கிருந்த காலத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். உற்பத்தி முறைகளின் கோட்பாட்டில் பெரும்பகுதியை வைஸ், அரம், ஹேக்சா, ஒரு பெஞ்ச் ட்ரில், மரை வெட்டும் ஒரு டாப் செட் ஆகியவற்றை வைத்தே கற்பிக்க முடியும்.

அரத்தை எடுங்கள். பிள்ளைகள் ராவினால் மேற்பரப்பு நடுவில் மேடாகவும் இரு ஓரமும் சரிந்தும் வரும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் ஒளி கசியும். "இன்னும் பழகு" என்று சொல்லி விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை எத்தனையோ நாள் சலிப்போடு ராவும். நான் கரும்பலகையில் நெம்புகோல் படம் போடுவேன். அரம் முன்னே போகப் போக முன்கையின் விசைக்கு நெம்பு நீளுகிறது, பின்கைக்குக் குறைகிறது. இரண்டு கையும் ஒரே அளவாக அழுத்தினால் அரம் முன்பக்கம் சாய்ந்தே தீரும். ஆகவே தள்ளும்போது முன்கையின் அழுத்தத்தைக் குறைத்துப் பின்கைக்கு மாற்ற வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் படித்த திருப்புதிறன்தான் இது. இதைச் சொல்லிவிட்டு வைசுக்கு அனுப்பினால் பிள்ளையின் முகமே மாறுகிறது. கைக்கு உடனே வந்துவிடாது, பழகத்தான் வேண்டும். ஆனால் எதைப் பழக வேண்டும் என்று தெரிந்து பழகுகிறது.

ஹேக்சாவிலும் அப்படித்தான். வெட்டும் இடத்தில் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்தில் பதிந்திருக்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு, தடித்த கம்பிக்கு 18. இந்த விதியை எழுதச் சொல்வதற்கு முன் 18 பல் பிளேடைக் கொடுத்து ஜன்னல் குழாயை வெட்டச் சொல்வேன். பல் சிக்கி இழுக்கும். அப்புறம் விதி தானாக மனதில் நிற்கும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்10 மரை போட 8.5 மில்லிமீட்டர் துளை ஏன் என்பதற்கும் நீண்ட விளக்கம் வேண்டாம், 10இலிருந்து மரையின் இடைவெளி 1.5ஐக் கழிக்கிறோம். 8 மில்லிமீட்டர் துளையில் டாப்பை இறக்கிப் பார்க்க ஒரு பழைய டாப்பை ஒதுக்கி வைத்திருக்கிறேன். கை இறுகுவதை உணர்ந்த பிள்ளை அந்த எண்ணை மறப்பதில்லை.

வசதி கிடைக்கும்போது பிள்ளைகளைக் கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலைக்கு அழைத்துப் போகிறேன். 1925இல் கட்டிய ஃபெக்டரிக் கட்டடம், பழைய மெஷின்கள் அங்கே இருக்கின்றன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அவர் 1872இல் அங்கே ஃபெக்டரி வைத்துக் கொழுந்தை உருட்ட ஒரு மெஷினும் செய்தார் என்று சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கிறார்கள். உற்பத்திமுறை என்பது எங்கோ வெளிநாட்டுப் பாடம் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மா வேலை செய்யும் இடத்திலேயே வார்ப்பு, கடைசல், பற்றவைப்பு, பொருத்துதல் எல்லாம் இருக்கின்றன.

பண்டாரவளை_வெல்டிங் எழுதியது:

டீச்சர் சொன்னதோடு வெல்டிங்கையும் சேர்க்கிறேன். நம் மலையில் இதற்குத் தனிப் பாடம் உண்டு, அது பனியும் மழையும்.

வெல்டிங்கில் உருகி ஒட்டும் குச்சியைத்தான் ரொட் என்கிறோம், அதில் 7018 குறைந்த ஹைட்ரஜன் வகை. அதன் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாக்கெட்டை உடைத்துப் பட்டறை மூலையில் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து எடுத்து ஒட்டினால் கண்ணுக்கு வெல்ட் அழகாகத்தான் இருக்கும். ஈரத்திலிருந்து வந்த ஹைட்ரஜன் உள்ளே போய், வெல்ட் ஆறிய பிறகு, சில நேரம் மறுநாள்கூட, பக்கத்து உலோகத்தில் வெடிப்பு வரும். அதனால்தான் அதை 300 பாகைக்கு மேல் ஓவனில் உலர்த்தி, பிறகு சூடான பெட்டியில் வைத்து எடுத்துப் பாவிக்கச் சொல்கிறார்கள். 6013 ரொட்டுக்கு இந்த அளவு கெடுபிடி இல்லை. ஆகவே "எனக்கு 6013தான் கைக்கு வரும்" என்று நிறையப் பேர் எல்லாவற்றுக்கும் அதையே எடுக்கிறார்கள். கேட் வேலைக்கோ கதவு வேலைக்கோ பரவாயில்லை. தடித்த தகட்டிலோ பாரம் தாங்கும் இடத்திலோ அது போதாது.

அடுத்தது வார்ப்பிரும்பு. பழைய ரோலரின் பிராக்கெட் உடைந்தால் கொண்டுவந்து "ஒரு டேக் போட்டுக் கொடு" என்பார்கள். வார்ப்பிரும்பில் கரி அதிகம். சூடாக்கி வேகமாக ஆறவிட்டால் வெல்டை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். முழுத் துண்டையும் முன்கூட்டியே சூடாக்கி, ஒட்டிய பின் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் நிக்கல் ரொட்டால் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டி, ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டி, கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அடுத்ததைப் போட வேண்டும். இரண்டு வழியும் சரிதான். இரண்டையும் பாதிப் பாதி கலந்தால்தான் உடையும்.

இதெல்லாம் எனக்கு வகுப்பில் வந்தது. ரொட்டின் கோணமும், ரொட்டுக்கும் உலோகத்துக்கும் இடையே எரியும் ஆர்க்கின் நீளமும் வகுப்பில் வரவில்லை, காதுக்கு வந்தது. நல்ல ஆர்க் ஒரே சீராகப் பொரிகிற சத்தம் தரும்.

சாமிமலை_செல்வி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

பேராதனை அண்ணா சொன்னபடி சேரிடம் மறுபடி கேட்டேன், இந்த முறை "கம்பி நீட்டிக்கொண்டிருப்பதாலா சேர்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கம்பியைக் குட்டையாகப் பிடித்து, சென்டரும் கொடுத்து, 330இல் என்னையே ஓட்டச் சொன்னார். மேற்பரப்பு முன்பைவிட மினுமினுப்பாக வந்தது. பிறகு சென்டரை எடுத்துவிட்டு நீட்டிப் பிடித்து அதே வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு 210 ஏன் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

லீவில் மாமாவோடும் போகத் தொடங்கியிருக்கிறேன். அங்கே இரண்டு பிரச்சினை. ஒன்று, பழைய ரோலரின் போல்ட்டுகளுக்கு என் மில்லிமீட்டர் ஸ்பானர் எதுவும் சரியாக உட்காரவில்லை, புதிதாக வாங்கிய நட்டும் இரண்டு சுற்றுக்குப் பிறகு இறுகிவிடுகிறது. இரண்டு, லேத் பக்கம் நான் போனால் "பெண் பிள்ளைக்கு மெஷின் ஆகாது, துப்பட்டா மாட்டும்" என்கிறார்கள்.

டிக்கோயா_ஃபிட்டர் எழுதியது:

அந்த போல்ட்டுகள் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவான விட்வர்த் மரை. நம் பக்கத்துப் பழைய மெஷின்கள் பிரிட்டனிலிருந்து வந்தவை. அரை அங்குல விட்வர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 பாகை. கடையில் அரை அங்குலம் என்று கேட்டால் இப்போது கொடுப்பது பெரும்பாலும் யூ.என்.சி. என்ற வேறோர் அங்குல வகை, அதில் 13 மரை, கோணம் 60. ஆகவே பிடிப்பதுபோல் பிடித்து இரண்டு சுற்றில் சிக்கும். அதைப் பலமாக இறுக்கினால் இரண்டு மரையும் போய்விடும், செய்யவே செய்யாதீர்கள். எம்12 நட்டு அதற்கு இன்னும் தூரம். விட்வர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலமல்ல, போல்ட்டின் விட்டம், அதையும் கவனியுங்கள்.

மரை அளக்கும் கேஜ் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விட்வர்த்தும் மெட்ரிக்கும் இரண்டும் உள்ளதாக. வாங்கினால் முதலில் வாங்க வேண்டிய சாமான் அதுதான்.

மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட்ஸ்குரு அங்குல அளவில் உள்ள பழைய லேத்தில் மெட்ரிக் மரை வெட்டச் சொன்னால் 127 பல் கியரைத் தேடுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127. தம்பி சொன்ன மாதிரி கணக்குத்தான், எனக்கும் கணக்குப் பிடிக்காமல் இல்லை.

கம்பளை_பட்டறை எழுதியது:

இரண்டாவது பிரச்சினைக்கு நான் பதில் சொல்கிறேன். துப்பட்டா மாட்டும் என்பது உண்மை. ஆணின் தளர்ந்த சட்டைக் கையும் மாட்டும், கழுத்துச் சங்கிலியும் மாட்டும். மாட்டக்கூடியதைக் கழற்றிவிட்டு வருவது மெஷினுக்கு முன் நிற்கிற எல்லோருக்கும் உள்ள விதி. ஓவரால், இறுகக் கட்டிய முடி, கண்ணாடி, முன்பக்கம் மூடிய சப்பாத்து. சுற்றும் மெஷினில் கையுறை போடவே கூடாது. சிராய் கையைக் கிழிக்குமே என்று சில இடங்களில் போடச் சொல்கிறார்கள். துணி ஒரு நூல் மாட்டினாலும் கையை உள்ளே இழுத்துவிடும். சிராயைக் கொக்கியால் இழுங்கள், மெஷினை நிறுத்திவிட்டு இழுங்கள். சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்கிற பெண் பிள்ளை ஒருத்தி வந்தால் என் பட்டறையில் இடம் உண்டு, மனதார எழுதுகிறேன்.

கணினி ஓட்டும் சீ.என்.சீ. மெஷின் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன், அடுத்த வருடம் உங்களுக்கு அதுதான் வரப்போகிறது. கை லேத்தில் நீங்கள் சத்தத்தைக் கேட்டு வேகத்தை மாற்றலாம். சீ.என்.சீ.யில் ஜி96 என்ற கட்டளையை எழுதி வெட்டு வேகத்தையே மீட்டரில் கொடுக்கிறீர்கள். விட்டம் குறையக் குறைய மெஷின் சுற்றைத் தானாகக் கூட்டிக்கொண்டே போகும். முகப்பைக் கடையும்போது நடுவை நெருங்கினால் சுற்று எங்கோ போய்விடும், ஆகவே உச்ச சுற்றுக்கு ஒரு வரம்பையும் எழுதியே ஆக வேண்டும். காலையில் நோட்டில் எழுதும் அந்த 25 மீட்டர்க் கணக்கு அங்கே நேராக மெஷினுக்குள் போகிறது. கணக்குத் தெரியாதவரை அந்த மெஷினுக்குப் பக்கத்தில் விட மாட்டேன். அரம் பிடித்துப் பழகாதவரையும் விட மாட்டேன், ஏனென்றால் டூல் எப்போது கஷ்டப்படுகிறது என்பது அவருக்குக் கேட்காது.

நோர்வூட்_மெக்கானிக் எழுதியது:

இழையை முழுக்க வாசித்தேன். எனக்கு வேறு நிலைமை. ஓ.எல். எழுதிய கையோடு ஃபெக்டரியில் ஹெல்பராகச் சேர்ந்து இப்போது மெக்கானிக் வேலைதான் பார்க்கிறேன். கையில் ஒரு காகிதமும் இல்லை. வெளியே எங்கே கேட்டாலும் என்.வீ.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழைக் கேட்கிறார்கள். திரும்பப் போய் முழுநேரமாகப் படிக்க வீட்டு நிலைமை விடாது. வழி இருக்கிறதா?

ஹாலிஎல_டெக்_ஆசிரியை எழுதியது:

இருக்கிறது தம்பி. ஆர்.பி.எல். என்பார்கள், வேலையிலேயே கற்றதை மதிப்பிட்டுத் தகைமை கொடுக்கும் முறை. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, நைட்டா என்று சொல்கிறோமே, அங்கே விசாரியுங்கள். நீங்கள் செய்யும் தொழிலுக்கு ஒரு தேசியத் தேர்ச்சி நியமம் இருக்கும். அதில் உள்ள வேலைகளில் எதையெல்லாம் செய்வீர்கள் என்பதற்குச் சான்று சேர்த்துக் கொடுக்க வேண்டும், பிறகு மதிப்பீட்டாளர் செய்முறையையும் வாய்மொழியையும் பார்ப்பார். என்.வீ.கியூ.வில் கைத்தொழிலாளருக்கு உள்ள மட்டங்களில் 4 என்பது முழுத் தேர்ச்சி. 5, 6 டிப்ளோமா மட்டங்கள், 7 பட்டத்துக்குச் சமம். 4ஐ எடுத்துவிட்டால் மேலே போகவும் வழி இருக்கிறது.

வாய்மொழியில்தான் நம் ஃபெக்டரி அண்ணன்மார் தடுமாறுகிறார்கள். ஷாப்ட்டில் பேரிங்கை அருமையாக ஏற்றுவார்கள், ஏன் உள்வளையத்தில் மட்டும் அடிக்க வேண்டும் என்று கேட்டால் பேசாமல் நிற்பார்கள். வெளிவளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாக உள்ளே போகிறது, ஓடுபாதையில் தழும்பு விழுகிறது. இதைச் சொல்ல முடிந்தால் போதும். இந்த இழையில் மேலே எழுதியிருப்பதில் பாதி அந்த வகைக் கேள்விகளுக்குப் பதில்தான், வாசித்து வையுங்கள்.

தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பத்தோடேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் ஆள் இல்லை என்று இன்னொரு நாள் வரச் சொல்லக்கூடும், உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

நோர்வூட்_மெக்கானிக் எழுதியது:

மிக்க நன்றி அக்கா. ரோலர் கிராங்க் புஷ் மாற்றியது, ட்ரையர் ஃபேன் ஷாப்ட்டைத் திருத்தியது எல்லாம் ஃபோனில் படமாக இருக்கின்றன. கேட் வெல்டிங் செய்த படங்களும் நிறைய இருக்கின்றன, அவற்றையும் சேர்க்கவா?

டிக்கோயா_ஃபிட்டர் எழுதியது:

வெல்டிங் தனித் தொழில், அதற்குத் தனி நியமம். ஃபிட்டர் பக்கம் எடுப்பதென்றால் புஷ், பேரிங், கப்பி அலைன்மென்ட் படங்களைப் போடுங்கள். படத்தில் சாமானுக்குப் பக்கத்தில் ஸ்டீல் ரூலை வைத்து எடுங்கள், அளவு தெரியட்டும். ஃபெக்டரி லொக் புத்தகத்தில் அந்த வேலை எழுதிய பக்கத்தை ஃபோட்டோகொப்பி எடுத்து, ஃபெக்டரி ஒஃபிசரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி வையுங்கள். படத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.